வெள்ளிக்கிழமைப் பூஜ்யம்

கழித்தல் இருபத்தேழு.

திரையில் விழுந்த எண்ணை ஆய்வாளர் சர்வேஷ் நம்பவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏனுங்க, இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து மகிழினி கேட்டாள்.

"இருபதைத் தாண்டுனாக் கெட்டதுங்க. இருபதுக்குள்ள நின்னா நல்லது. பூஜ்யத்துக்குக் கீழ போனா என்னன்னு எனக்கே தெரியலீங்க. பதினோரு வருசத்துல இப்பத்தான் பார்க்கறேன்."

அவருக்குத் தெரியாதது இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. "அளவீடு இயற்கைக்கு முரணானது. முறைகேட்டு ஐயம். முதல் எச்சரிக்கை," என்று அது அறிவித்தது. மூன்று எச்சரிக்கை பெற்ற வண்டி அன்றைக்கே பறிமுதல் ஆகும். முற்றத்தின் மூலையில் நின்ற அழுத்துப்பொறிக்குள் காராக நுழைந்து இரும்புக் கட்டியாக வெளியே வரும். மேல்முறையீடு என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை.

கோவையின் மேற்கு எல்லையில் இருந்த அந்தச் சோதனைக் கூடத்துக்கு, எரிபொருள் எரித்து ஓடும் வண்டிகள் மட்டுமே வந்தன. 2068ஆம் ஆண்டில் அத்தகைய வண்டிகள் ஊருக்கு ஊர் எண்ணிவிடும்படியாகக் குறைந்திருந்தன. அவற்றின் புகைபோக்கியில் குழாயைச் செருகி மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இயந்திரத்துக்கு ஓட்டுநர்கள் 'மூக்கன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூக்கன் தரும் காற்றுச் சான்று இல்லாவிட்டால் நகர எல்லையின் தடுப்புக் கம்பம் உயராது. மாற்றியமைக்கப்பட்ட பழைய வண்டிகளுக்கு அளித்திருந்த தவணை முந்தைய நாளோடு முடிந்துவிட்டது. மகிழினிக்குக் கிடைத்த முறையோ இந்த வெள்ளிக்கிழமை.

கார், சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த நான்கு கதவு ஹெரால்ட். உடல்தான் பழையது, உள்ளே இருந்ததெல்லாம் மகிழினியின் கைவேலை. பம்புசெட்டுத் தொழிற்சாலையின் சோதனை மேடையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் அவள். கரும்புச் சாராயத்தில் ஓடும்படி எஞ்சினை மாற்றியிருந்தாள். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, சொட்டுக் கணக்கில் எரிபொருள் செலுத்தும் ஊசிகளைப் பொருத்தியிருந்தாள். புகைபோக்கியின் நடுவில் வினையூக்கிக் குடுவை ஒன்றைப் பற்றவைத்திருந்தாள். அவர்கள் ஊர்ச் சாலையின் இரு பக்கமும் கல்குவாரிகள். முதல் எஞ்சினின் உருளைகளைக் குவாரித் தூசி ஆறே மாதத்தில் அரித்துத் தின்றுவிட்டதால், காற்று உள்ளே நுழையும் வாயில் சிரட்டைக்கரியும் மடிப்புத் தாளுமாக ஐந்து அடுக்கில் வடிகட்டி வைத்திருந்தாள். எஞ்சினுக்குள் போகும் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பது, தொழிற்சாலையில் அவள் முதல் நாள் கற்ற பாடம்.

பின் இருக்கையில், தலையணைக்குச் சாய்ந்தபடி தம்பி தீரன் இருந்தான். நாற்பத்தொரு வயது. சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டு நான்கு ஆண்டுகள் ஆயின. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனையில் இரத்தச் சுத்திகரிப்பு. நகரத்தில் தாமே ஓடும் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை, இருக்கையில் அமர்பவரின் நாடியை முதலில் பார்க்கும். வழியில் உயிர் போய்விடக்கூடிய பயணியை ஏற்றினால் வண்டியின் காப்புறுதி செல்லாது. ஆகவே தீரன் அமர்ந்தவுடன், "மன்னிக்கவும், தங்கள் நாடி பயணத்துக்கு ஏற்றதாக இல்லை," என்று பணிவோடு சொல்லிக் கதவைத் திறந்துவிடும். மயங்கி விழுந்தவருக்குத்தான் ஆம்புலன்ஸ், விழப்போகிறவருக்கு இல்லை. ஒருமுறை சுத்திகரிப்புத் தவறியபோது அவன் நுரையீரலில் நீர் கோத்து மூன்று நாள் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுவிட்டான். மனிதர் கையால் ஓட்டும் வண்டி ஒன்று இருந்தால்தான் அவனுக்கு அடுத்த வாரம் உண்டு என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு.

"என்னக்கா, நம்ம வண்டியும் என்னை மாதிரித்தானா? பார்த்த உடனே வேண்டாங்குதா?" என்றான் தீரன்.

"நீ சித்தெ பேசாம இருடா."

"எஞ்சின் இன்னும் சூடாகலையோ என்னமோ. இன்னொரு தடவை பார்க்கலாங்க," என்றார் சர்வேஷ். குழாயைத் துடைத்து மறுபடி செருகினார். மகிழினி எஞ்சினை முறுக்கினாள். நூறு வயதுக் கிழவன் என்று எவரும் சொல்ல முடியாத சீரான ஓசை எழுந்தது.

கழித்தல் இருபத்தேழு. இரண்டாம் எச்சரிக்கை.

வரிசையில் அடுத்து நின்றது ஒரு பூ வேன். அதன் ஓட்டுநர் கோகுல்நாத்துக்கு அறுபது வயதிருக்கும். பிறர் காரியத்தில் தலையிடுவதை ஒரு தொண்டாகக் கருதுபவர். இறங்கி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ஏனம்மணி, உங்க வண்டி புகை விடுதா, இல்ல பன்னீர் தெளிக்குதா? நம்முளுது பதினெட்டுல மூச்சுத் திணறி நிக்குது, உங்களுது பாதாளத்துல போகுது! ஒரு கரண்டி விளக்கெண்ணெயை டேங்குல ஊத்துங்க. ஜம்முனு பத்துக்கு ஏறிக்கும்."

"முடியாதுங்கண்ணா. உள்ள வரும்போதே மூடிக்கும் டேங்குக்கும் சீல் வெச்சுட்டாங்க. அதைத் தொட்டா அதுக்கொரு எச்சரிக்கை."

"அடக் கெரகமே! அழுக்காகவும் விடமாட்டான், சுத்தமாகவும் விடமாட்டானா?"

மகிழினி கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அவள் மூக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது. கொட்டகையின் உட்புறத்தில், மூக்கனின் எஃகு நெற்றியில், மூன்று விரல் திருநீறும் நடுவில் குங்குமமும் துலங்கின. அடியில் ஒரு தூபக்கால், அதில் சாம்பல்.

"சார், காத்தாலைக்கு மூக்கனுக்குச் சாமி கும்புட்டீங்களா?"

சர்வேஷின் முகத்தில் நாணம் படர்ந்தது. "தினமும் ஊதுபத்திங்க. வெள்ளிக்கிழமைன்னா சூடமும் சாம்பிராணியும். மிசினுன்னா அதுக்குண்டான மரியாதையைச் செய்யோணுமில்லீங்களா?"

"செய்யோணும். தப்புச் சொல்லலைங்க. பூஜ்யம் எப்ப வெப்பீங்க?"

"சாமி கும்புட்டு முடிச்ச உடனேதான்..." என்று தொடங்கிய சர்வேஷ், வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"எதைக் காட்டிப் பூஜ்யம் வெப்பீங்க?"

"சட்டப்படி சுத்தக் காத்து அடைச்ச உருளையைக் காட்டோணும். உருளை வர்றது நின்னு எட்டு வருசமாச்சுங்க. அதனால கொட்டகைக் காத்தையே காட்டிக்கலாம்னு வாய்ச்சொல்லா உத்தரவு."

மகிழினி காரை விட்டு இறங்கினாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பக் கேளுங்க. கதவைச் சாத்திட்டுச் சாம்பிராணி போட்டு, அந்தப் புகையைக் காட்டி, 'மூக்கா, இதுதான் சுத்தம்'னு சொல்லிக் குடுத்துட்டீங்க. அது நம்பிக்கிச்சு. அந்தப் புகைக்கு மேல எவ்வளவு அழுக்குன்னு பார்த்துத்தான் ஒவ்வொரு வண்டிக்கும் எண் சொல்லுது. என் வண்டி வடிகட்டின காத்தைக் குடிச்சு, வடிகட்டின புகையை விடுது. அந்தப் புகை உங்க கொட்டகைக் காத்தைவிடச் சுத்தமா இருக்குது. அதான் பூஜ்யத்துக்குக் கீழ போகுது. பொய் சொல்றது என் வண்டி இல்லீங்க."

பூ வேனிலிருந்து மல்லிகை மணம் வந்துகொண்டிருந்தது.

"ஒரே ஒரு உருளை இருக்குதுங்க," என்றார் சர்வேஷ் மெல்லிய குரலில். "தணிக்கைக்கு வந்தாக் காட்டறதுக்குன்னு பூட்டி வெச்சிருக்கேன். வண்டிக்காரர் கேட்டா அதை வெச்சுப் பூஜ்யம் மாத்தோணும்னு விதி இருக்குது. உங்களுக்கு உரிமை இருக்குதுங்க. ஆனா..."

"ஆனா?"

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும். மாத்திட்டா நாளைக் காத்தால வரைக்கும் அந்தப் பூஜ்யமே பூட்டிக்கும்." அவர் வரிசையைப் பார்த்தார். மகிழினியும் பார்த்தாள்.

பூ வேன். அதன் பின்னே பால் வண்டி. இளநீர் ஏற்றிய சிறு லாரி. கோழித் தீவனம். கடைசியில் குடிநீர் லாரிகள் நான்கு. மொத்தம் இருபத்திரண்டு வண்டிகள். பதினெட்டில் மூச்சுத் திணறுபவை, பொய்ப் பூஜ்யத்தின் தயவில் பிழைப்பவை. மெய்யான பூஜ்யத்தை வைத்தால் அவற்றில் ஒன்றுகூட அன்றைக்குத் தேறாது.

அவளுக்கு இன்னோர் ஐயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலைக் காற்றில் எவ்வளவு அழுக்கு இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. நாற்பத்தேழுக்குள் இருந்திருந்தால் அவள் கார் மெய்யாகவே தேறும். ஐம்பது இருந்திருந்தால், இருபத்தேழு போக இருபத்துமூன்று. மெய்யான பூஜ்யமே அவளைத் தோற்கடிக்கும். மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

"அக்கா, இங்க வா," என்று தீரன் கூப்பிட்டான். அவள் சன்னலருகே குனிந்தாள். காலையிலிருந்தே அவன் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. "நமக்கு எத்தனை மணிக்குப் படுக்கை?"

"ஒரு மணிக்கு. தாண்டிட்டா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"இங்கிருந்து முக்கால் மணி நேரம். பன்னெண்டே காலுக்குக் கிளம்புனாப் போதும். இப்ப ஒம்பதரை." அவன் வரிசையை நோக்கித் தாடையை நீட்டினான். "அவங்க எல்லாரும் போகட்டும். நாம கடைசியா நிப்போம். நான் தாங்கிக்குவேன்."

"தாங்காட்டி?"

"தாங்காட்டி மயங்கி விழுந்துருவேன். அப்ப ஆம்புலன்ஸு தானா வரும். எப்படிப் பார்த்தாலும் நமக்கு லாபம்தான்."

அவள் சிரிக்கவில்லை. உரிமை தன் பக்கம் இருக்கிறது. நேர்மையும் தன் பக்கம். தம்பியின் உயிர் தன் பக்கம். இத்தனையும் ஒரு பக்கத்தில் இருக்க, மறுபக்கத்தில் இருந்தது இருபத்திரண்டு பொய். ஆனால் அந்தப் பொய்யை அவர்கள் சொல்லவில்லை. எட்டு ஆண்டுகளாக அவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. பழுது பார்க்க ஒரு நாள்கூடக் கொடுக்காமல் ஒரு மனிதனின் வண்டியை நிறுத்துவது நீதியாகாது என்று அவள் நினைத்தாள். அவ்வாறு நினைத்ததாலேயே அந்தப் பொய்யில் தனக்கும் ஒரு பங்கு உண்டாகிவிட்டது என்பதையும் உணர்ந்தாள். அந்த உறுத்தலோடுதான் காரைப் பின்னுக்கு எடுத்தாள்.

"எட்டு நிமிசம் ஒரு வண்டிக்கு. இருபத்திரண்டு வண்டி. பன்னெண்டே கால் தாண்டிருமுங்க," என்றார் சர்வேஷ் கவலையோடு.

இதையெல்லாம் கேட்டபடி நின்ற கோகுல்நாத், தோள்துண்டை உதறித் தலையில் கட்டினார். "அதெப்படித் தாண்டும்? ஏப்பா பால்காரா! எஞ்சினை இப்பவே முடுக்கு, சூடாகட்டும்! காகிதத்தை எல்லாம் எங்கிட்டக் குடுங்க. ஒருத்தன் வெளிய போறதுக்குள்ள அடுத்தவன் மூக்கு உள்ள இருக்கோணும். எவனாச்சும் டீக் குடிக்கப் போனான், அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

"நீங்க எப்பண்ணா மனுசனா இருந்தீங்க?" என்றான் பால்காரன், என்றாலும் முதல் ஆளாக எஞ்சினை முடுக்கினான்.

கோவிலில் அன்னதான வரிசையை நடத்துபவர்போல் கோகுல்நாத் அந்த வரிசையை நடத்தினார். எட்டு நிமிடம் ஆறு நிமிடமாயிற்று, பிறகு ஐந்தாயிற்று. பதினெட்டு, பத்தொன்பது, பதினேழு என்று மூக்கன் தாராளமாகத் தேர்ச்சி வழங்கிக்கொண்டிருந்தது. இளநீர் லாரிக்காரர் தீரனுக்கு ஓர் இளநீரைச் சீவிக்கொண்டு வந்து நீட்டினார். அந்த நோய்க்கு இளநீர் ஆகாது என்று மகிழினி சொன்னதும், பதறிப்போய் அதை அங்கேயே தாமே குடித்துத் தீர்த்தார். பத்தே முக்காலுக்குத் தீரனின் பேச்சு குறைந்தது. பதினொன்றேகாலுக்கு அவன் கண்களை மூடிக்கொண்டான். மகிழினி அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடி, ஒவ்வொரு வண்டியாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று ஐம்பதுக்குக் கடைசிக் குடிநீர் லாரி வெளியேறியது.

சர்வேஷ் உருளையைத் தோளில் சுமந்து வந்து, பூட்டைத் திறந்து, மூக்கனின் நாசியில் பொருத்தினார். கட்டளைப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் அரை நிமிடம் அந்தக் காற்றை மோந்தது. பிறகு, "பூஜ்யம் திருத்தப்பட்டது. பழைய பூஜ்யம், மெய்ப் பூஜ்யத்தைவிட முப்பத்துமூன்று அதிகம்," என்றது.

முப்பத்துமூன்று. அதில் இருபத்தேழு போனால் ஆறு. மகிழினியின் மனம் கணக்கை முடித்துவிட்டது. நெஞ்சுதான் நம்ப மறுத்தது. எஞ்சினை முடுக்கினாள். குழாய் செருகப்பட்டது. வெளியேறியவர்களில் பாதிப்பேர் போகாமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு.

"தேர்ச்சி," என்றது மூக்கன்.

கோகுல்நாத் போட்ட கூச்சலில் தீரன் கண்விழித்தான். "என்னக்கா, செத்துட்டனா?" என்று கேட்டான். "ஆறுடா! ஆறு!" என்று சொன்ன மகிழினி, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சான்றை நீட்டிய சர்வேஷ் மட்டும் சிரிக்கவில்லை. குழாய் காரிலிருந்து கழற்றப்பட்டு வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் திரை ஓயவில்லை. அதில் வேறோர் எண் நின்றது: முப்பத்தொன்று.

"இது என்னங்க?" என்றாள் மகிழினி.

"குழாய் சும்மா இருக்குதுங்க. இந்த முற்றத்துக் காத்தைத்தான் மோந்து பார்க்குது." அவர் குரல் தணிந்திருந்தது. "சாம்பிராணி அணைஞ்சு அஞ்சு மணி நேரம் ஆச்சு. கதவெல்லாம் திறந்திருக்குது. நான் எல்லாப் பழியையும் சாம்பிராணி மேல போட்டு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். அதோட பங்கு முப்பத்துமூணுல வெறும் ரெண்டுதானுங்க."

மிச்சம் முப்பத்தொன்றும் ஊர்க் காற்று. வண்டி என்றால் இருபதிலேயே பிடித்துவைத்திருப்பார்கள். அந்தக் காற்றைத்தான் எட்டு ஆண்டுகளாகச் சுத்தம் என்று ஒவ்வொரு காலையும் வணங்கி, அதற்குத் தக்கபடி உலகத்தை அளந்து வந்திருக்கிறார்கள். திரையின் அடியில் ஒரு வினா கண்சிமிட்டியது: 'அளவீடு வரம்பு மீறியது. வாகன எண்?' எண்ணை எழுதினால் அளவீடு மேலிடத்துக்குப் போகும். அழித்துவிட்டால் நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

"என்ன எழுதப் போறீங்க?" என்று மகிழினி கேட்டாள்.

"நீங்க கிளம்புங்க, மணியாகுது," என்றார் அவர். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தடுப்புக் கம்பம் உயர்ந்தது. ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது தீரனைப் படுக்கையில் சேர்த்தார்கள். செவிலிப் பெண் அவன் கால்களை அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி, மகிழினியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்காமலே ஊசியை எடுத்தாள். நான்கு மணி நேரம் மகிழினி வெளியே நாற்காலியில் உட்கார்ந்தபடி உறங்கினாள். பல வாரங்களில் அத்தகைய உறக்கம் அவளுக்கு வாய்த்ததில்லை.

ஊர் திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சோதனைக் கூடத்தின் இரும்புக் கதவு சாத்திக் கிடந்தது. வெளியே புங்கமரத்தடியில் சர்வேஷும், அவரைச் சுற்றிக் காலையில் தேறிய ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். காரைக் கண்டதும் கோகுல்நாத் குறுக்கே ஓடிவந்தார்.

"அம்மணி, நிறுத்துங்க! தம்பி எப்படி இருக்கறாப்ல? அட, முகத்துல ரத்தம் ஊறிப்போச்சு! கேளுங்க, இந்த மனுசன் எங்களுக்கெல்லாம் மூணு மாசம் தவணை குடுத்திருக்கறார். அதுக்குள்ள நெசமான பூஜ்யத்துல தேறோணுமாம். நாங்க சண்டை பிடிக்கலாம்னுதான் வந்தோம். ஆனா நாள் முச்சூடும் அந்தக் காத்தை மூக்கால குடிக்கறது நாங்கதானேன்னு பால்காரன் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டான். சண்டை அத்தோட நின்னுபோச்சு. உங்க வடிகட்டியை எப்படிப் பண்ணுனீங்கன்னு காட்டுங்க."

அவள் பதில் சொல்வதற்குள், தூசியைக் கிளப்பிக்கொண்டு ஒரு செங்கல் லாரி வந்து கதவின் முன் நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "சார், ஆறு மணிக்கு முறை குடுத்திருக்கறாங்க. கதவைச் சாத்திட்டீங்களே, மூக்கன் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டான்.

"மூக்கன் நல்லாத்தான் இருக்கறானுங்க," என்றார் சர்வேஷ். பதினோர் ஆண்டுகளில் முதன்முறையாகத் தமக்கு மேலிருந்தவர்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்த மனிதரின் அச்சமும் நிம்மதியும் அவர் முகத்தில் ஒன்றாக இருந்தன. "வாகன எண் கேட்டுது. இந்த இடத்தோட கதவு எண்ணை எழுதி அனுப்பிட்டேன். மேலிடத்து மிசினு விதிப்படி உடனே உத்தரவு போட்டிருச்சு. நீங்க போயிட்டு அப்பறமா வாங்க."

"என்ன உத்தரவுங்க?"

"முற்றம் தேறலைங்க. பழுது பார்க்கற வரைக்கும் ஓட்டக் கூடாதாம்."

பின் இருக்கையில் தீரன் சிரிக்கத் தொடங்கினான். மகிழினி கலவரத்தோடு திரும்பிப் பார்த்தாள். மூச்சு இரைக்கவில்லை, இருமல் வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.